கிரியேற்றினின் 1.4: மாமிக்கு எந்த மருந்து?

மாமியின் இரத்தத்தை எடுத்தது நான். மெசினில் போட்டதும் நான், ரிப்போர்ட்டை அச்சடித்ததும் நான். கிரியேற்றினின் 1.4 என்று வந்திருந்தது. பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒருதரம் பார்த்துவிட்டு மாமி சொன்னா: "போன வருசம் 0.9. இப்ப 1.4. அரைப் புள்ளிதானே மகன் கூடியிருக்கு? எனக்கு மூத்திரம் நல்லாப் போகுது, கால்ல வீக்கமும் இல்ல. உங்கட மெசினுக்குத்தான் என்னமோ கோளாறு."

அடுத்த நாள் மறுகா ஒருக்கா ஓட்டிப் பார்த்தேன். 1.4தான்.

மாமிக்கு 61 வயது, பதினொரு வருசமாகச் சலரோகம் (நீரிழிவு). அந்த வயதுப் பெண்ணுக்குக் கிரியேற்றினின் 0.9 என்றால் கிட்னி வடிகட்டும் வேகம் கணக்குப்படி நிமிடத்துக்கு 73 மில்லிலீட்டர் அளவில் நிற்கும். 1.4 என்றால் 43. அரைப் புள்ளி ஏறுவதற்குள் முப்பது இறங்கியிருக்கிறது. அதே 1.4 ஒரு 25 வயதுப் பெடியனுக்கு வந்தால் கணக்கு 72 என்று சொல்லும், ஏனென்றால் கிரியேற்றினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை கூடினவனுக்கு அது கூடத்தான் இருக்கும். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 15க்குக் கீழே போனால் டயலிசிஸ் தேவைப்படலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆளுக்கு ஒன்றுமே தெரியாமல் பல வருசம் போகலாம். மூத்திரம் நல்லாகத்தான் போகும்.

நாங்கள் இருப்பது மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றில், மாமி கட்டித் தந்த சீதன வீட்டில். இந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. வீடு பெண்பிள்ளைக்கு, மருமகன் வந்து சேருபவன். வந்து சேர்ந்தவன் மாமி குடிக்கிற கசாயத்தைப் பற்றி வாய் திறப்பது இலேசான காரியம் இல்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதி வைக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வந்த கிழமைக்குள் வீட்டுக்கு ஐந்து யோசனை வந்து சேர்ந்தது. பக்கத்து வளவுப் பெரியம்மா பிலிங்காய்ச் சாறு என்றா. கட்டாரில் இருக்கும் மச்சான் காசு கட்டி ஒரு பவுடர் எடுப்பித்து அனுப்பினான். மாமியின் மனம் வாவிக்கு அக்கரையில் இருக்கும் பரிசாரியாரின் (பரம்பரை நாட்டு வைத்தியர்) குடிநீரில், அதாவது கசாயத்தில், இருந்தது. என் மனைவி அரசாங்கச் சித்த வைத்தியரிடம் போகலாம் என்றா. நான் கிளினிக் குளிசை மட்டும் போதும் என்றேன்.

இதை நாட்டு மருந்தா இங்கிலிஸ் மருந்தா என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும்; எங்கள் வீட்டில் முடிந்திருக்கிறது. அதனால் நான் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? பிழைத்துப்போனால் யாரிடம் போய்க் கேட்பது? நடுவில் இரத்தத்தைப் பார்த்து நிறுத்துவதற்கு ஆள் உண்டா?

ஏன் கிட்னிக்கு மட்டும் இந்தப் பயம் என்று மனைவி கேட்டா. இதயம் தள்ளுகிற இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரே கிட்னிக்குத்தான் போகிறது. இரண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லீட்டர் அளவில் வடிகட்டி, அதில் ஒன்றரை, இரண்டு லீட்டரை மட்டும் சிறுநீராக விட்டுவிட்டு மிச்சத் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சிக்கொள்கின்றன. எட்டுக்கு ஒன்றாகக் கசாயம் வற்றக் காய்ச்சுவது போலத்தான். தண்ணீர் வற்ற வற்ற, குழாய்க்குள் மிஞ்சுகிற பொருள் இறுகிக்கொண்டே போகும். மருந்தோ நஞ்சோ, மற்ற உறுப்புகளைத் தண்ணீராகத் தொட்டது கிட்னிக் குழாயைப் பாணியாகத் தொடுகிறது.

முதலில் பிலிங்காய். மரம் எங்கள் கிணற்றடியிலேயே நிற்கிறது. காய் அடிமரத்திலிருந்து நுனிவரை குலைகுலையாகத் தொங்கும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்ற சந்தேகமும் இல்லை. ஐந்திலும் மிகத் துப்புரவான மருந்து இதுதான் என்று யாரும் சொல்வார்கள். பெரியம்மாவின் கணக்கு: விடிய வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் சாறு, தண்ணீர் கலக்காமல், ஒரு மண்டலம். சீனியும் இறங்கும், கொழுப்பும் கரையும்.

பிலிங்காயின் அந்தப் புளிப்பில் பெரும்பங்கு ஒக்சாலிக் அமிலம். அது இரத்தத்துக்கு வந்து கிட்னிக் குழாய்க்குள் கல்சியத்தோடு சேர்ந்தால் கண்ணாடித் தூள் மாதிரிப் பளிங்குகளாகப் படிந்து குழாயை அடைக்கும். கேரளத்தில் கொலஸ்ரோலுக்கென்று பிலிங்காய்ச் சாறு குடித்துக் கிட்னி நின்றுபோன பத்துப்பேரைப் பற்றி 2013இல் மருத்துவர்கள் எழுதினார்கள். பத்தில் ஏழு பேருக்கு டயலிசிஸ் செய்யவேண்டி வந்தது. அந்த மரத்தின் கூடப்பிறந்ததுதான் காமரங்காய் (நட்சத்திரப் பழம்). அதிலும் ஒக்சலேற்று உண்டு; போதாததற்குக் கரம்பொக்சின் என்று மூளையைத் தாக்குகிற ஒரு பொருளும் உண்டு. கிட்னி நல்லாக இருப்பவர்கள் அதை வெளியே தள்ளிவிடுவார்கள். கிட்னி பழுதானவர்கள் ஒரு பழம் சாப்பிட்டுவிட்டு நிற்காத விக்கலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, மயங்கி, வலிப்பு வந்து இறந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. இலங்கையிலும் காமரங்காயாலும் பிலிங்காயாலும் கிட்னி பழுதானவர்கள் உண்டு, சலரோகத்துக்கு நல்லதென்று குடித்தவர்களும் அதில் அடக்கம்.

இதைச் சொன்னதும் மாமி கேட்டா: "அப்ப நாங்க சூடைமீன் ஆணத்துக்குப் போடுறது?" நல்ல கேள்வி. நாலு காயை ஆணத்துக்குப் போட்டு அதை ஆறு பேர் சோற்றோடு சாப்பிடுவது வேறு, முப்பது காயைப் பிழிந்து ஒருவர் வெறும் வயிற்றில் குடிப்பது வேறு. சாப்பாட்டோடு போனால் சாப்பாட்டில் உள்ள கல்சியம் குடலுக்குள்ளேயே ஒக்சலேற்றைப் பிடித்துக்கொள்ளும், பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். வெறும் வயிற்றில் அதைப் பிடிக்க ஆள் இல்லை. மருந்தாக நினைத்து வெறும் வயிற்றில் குடிப்பதுதான் இதில் ஆகக் கெட்ட முறை. கிட்னி ஏற்கெனவே பழுதானவர்கள் காமரங்காயை மட்டும் ஆணத்திலும் தொடாமல் விடுவது நல்லது.

என் தராசில் பிலிங்காய்ச் சாறு முதல் கேள்வியில் தேறி, மற்ற இரண்டிலும் விழுந்தது. உள்ளே என்ன என்று தெரியும். அந்தத் தெரிந்த பொருளே நஞ்சு.

பவுடருக்கு வருகிறேன். வெள்ளைப் பிளாஸ்ரிக் போத்தல், பச்சை லேபல், லேபலில் ஒரு இலையின் படம். "100% இயற்கை, பக்கவிளைவு இல்லை" என்று பெரிய எழுத்தில் இருந்தது. சலரோகம், பிறசர், கொலஸ்ரோல், மூட்டுவலி நாலுக்கும் ஒரே பவுடர். என்ன மூலிகை என்று எழுதவில்லை. தயாரித்த திகதி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, பதிவு இலக்கம் இல்லை, ஊர்ப் பெயர்கூட இல்லை. ஒரு வட்ஸ்அப் இலக்கம் மட்டும். அதற்கு எழுதிக் கேட்டேன், உள்ளே என்ன என்று. மாலை போட்ட ஒரு சாமி படமும் "நம்பிக்கையோடு சாப்பிடுங்கள்" என்ற பதிலும் வந்தன.

நான் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாமி தொடங்கிவிட்டிருந்தா. ஒன்பது நாளில் காலைச் சீனி 190இலிருந்து 92. வீட்டில் ஒரே சந்தோசம். மச்சான் கட்டாரிலிருந்து வீடியோவில் வந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலை தழை அப்படி வேலை செய்வதை நான் கண்டதில்லை; குளிசைதான் அப்படிச் செய்யும். பதினோராம் நாள் விடிய நாலு மணிக்கு மாமி தொப்பலாக வியர்த்து, கதைக்க நாக்கு வராமல் கட்டிலில் இருந்தா. குளுக்கோமீற்றரில் 54. சீனித் தண்ணீர் பருக்கி அரை மணித்தியாலம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

அந்தப் பவுடரில் கிளிபன்கிளமைட் (சீனியை இறக்குகிற குளிசை) கலந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற கருவி எங்கள் லாபில் கிடையாது. ஆனால் மூலிகை என்று விற்ற சலரோகப் பவுடர்களில் கிளிபன்கிளமைட்டும், மூட்டுவலிப் பவுடர்களில் டைக்குளோபினாக் என்ற வலிமருந்தும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. கிட்னி குறைந்த ஆளுக்குக் கிளிபன்கிளமைட் லேசில் உடம்பை விட்டுப் போகாது. சேர்ந்து சேர்ந்து ஒரு விடியற்காலையில் சீனியைத் தரைக்கு இழுத்துவிடும். மூட்டுவலி ஒரே நாளில் பறந்து, பசி கூடி, முகம் உருண்டுவந்தால் அங்கே ஸ்டீரொயிட் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

பவுடர், செந்தூரம், பற்பம் என்று வரும்போது உலோகத்தின் கதையும் உண்டு. இரசம், லிங்கம், தாளகம், மனோசிலை எல்லாம் நம் மருத்துவ நூல்களில் உள்ள சரக்குகள்தான். முதல் இரண்டும் பாதரசம், பின்னிரண்டும் ஆசனிக். முறையாகச் சுத்தி செய்து புடம் போட்டால் நஞ்சு போய்விடும் என்பது வைத்தியர்களின் கட்சி. முறையாகச் செய்தார்களா என்று போத்தலைப் பார்த்து யார் சொல்வது? அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. 2008இல் இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளைச் சோதித்தபோதும் ஐந்தில் ஒன்று அப்படித்தான். பாதரசம் கிட்னியின் வடிகட்டியைக் கெடுத்துப் புரதத்தைக் கசிய விடும். மூத்திரம் நுரைக்கும், கால் வீங்கும். தென்னிந்தியாவில் இப்படி வந்தவர்களில் பலர் நாட்டு மருந்து சாப்பிட்டவர்கள் என்று அண்மைய ஆய்வுகள் காட்டின. ஆறுதல் என்னவென்றால், மருந்தை நிறுத்தியதும் பலருக்குக் கசிவு குறைந்தது.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம். லேபலில் நாக பற்பம் என்று எழுதியிருந்தால்கூட எந்தப் பள்ளியில் படித்தவர் செய்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பவுடருக்கு எதிராக எனக்கு இருப்பது வாதம் இல்லை, கோபம். அதனால் அதை இங்கே விட்டுவிட்டு, என்னை உண்மையில் யோசிக்கவைத்த பரிசாரியாரிடம் போவோம்.

அக்கரைக்குப் போக அன்று குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருந்தோம். (இந்தப் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற படகு. வெளியூர் ஆக்கள் ரோட்டைத் தேடிக்கொண்டு நிற்பார்கள்.) மாமி வெள்ளைச் சேலையும் கையில் வெற்றிலைத் தட்டமுமாகக் கோயிலுக்குப் போகிற மாதிரி வந்தா. அவவின் தகப்பனுக்குப் பாம்பு கடித்தபோது காப்பாற்றியது இந்தப் பரிசாரியாரின் தகப்பனார். அந்தக் கடன் எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

பரிசாரியார் ஐயா நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்மடலை இழுத்துப் பார்த்தார். மாமியிடம் அரை மணித்தியாலம் கதைத்தார். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு நித்திரை, ராவில் எத்தனை தரம் எழும்புகிறது, மூத்த மகள் செத்த துக்கம் ஆறிச்சா என்று. கிளினிக்கில் மாமிக்குக் கிடைப்பது மூன்று நிமிசம். ஆக்கள் ஏன் பாதை ஏறி வருகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பிறகு குடிநீர்ச் சரக்கைப் பேப்பரில் பரப்பினார். நெருஞ்சில், நீர்முள்ளி, சிறுபீளை, சாரணை வேர், கடுக்காய், கொத்தமல்லி, வேர்க்கொம்பு. ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டினார். ஒரு சின்னத் தாள்ப் பொட்டலம் மட்டும் மிச்சமாக இருந்தது, உள்ளே தட்டி நொறுக்கிய வேர். "இது என்ன ஐயா?" என்றேன். "இது எங்கட குடும்பத்து மருந்து, தம்பி. பேர் சொல்றல்ல" என்றார். கோபப்படவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்த எட்டாவது பொட்டலத்தில்தான் என் கட்டுரையே இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரத்தில் இளம் பெண்கள் சிலருக்குக் கிட்னி மளமளவென்று செயலிழந்தது. அவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் மெலிவதற்கு மருந்து எடுத்தவர்கள். மருத்துவர்கள் 1993இல் அதை வெளியிட்டார்கள். பிறகு விசாரித்தால், மருந்தில் சேர்க்க வேண்டிய சீன மூலிகையின் பெயர் ஃபாங்ஜி. அதே ஃபாங்ஜி என்று முடிகிற பெயரில் இன்னொரு மூலிகை உண்டு, அது அரிஸ்டொலோக்கியா இனம். பெயர் ஒத்துப்போனதில் சரக்கு மாறிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பலருக்கு டயலிசிஸ் அல்லது மாற்றுக் கிட்னி. அதோடும் முடியவில்லை. பழுதான கிட்னியையும் சிறுநீர்க் குழாயையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட ஒத்துக்கொண்ட 39 பேரில் 18 பேருக்கு உள்ளே புற்றுநோய் இருந்ததை 2000இல் அறிவித்தார்கள்.

அரிஸ்டொலோக்கிக் அமிலத்தைக் கிட்னிக் குழாயின் செல்கள் தாங்களாகவே இரத்தத்திலிருந்து இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்கின்றன. அது மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ளும். கிட்னி சுருங்கித் தழும்பாகிப் போகும். வலி இல்லை, வீக்கம் பெரிதாக இல்லை, மூத்திரம் நல்லாகவே போகும். இரத்தசோகை மட்டும் எதிர்பாராத அளவில் வரும். குடித்து நிறுத்திய பிறகும் பழுது நடந்துகொண்டே இருக்கலாம். 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்த இனத்துச் செடிகள் சேர்ந்த மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று முதல் தரத்தில் வைத்தது. தன்யூப் ஆற்றின் கிளைகளோரம் உள்ள பல்கன் கிராமங்களில் தலைமுறையாக வந்த ஒரு கிட்னி நோய்க்கு 1950களிலிருந்து காரணம் தேடினார்கள். கோதுமை வயலில் களையாக நின்ற அதே இனத்துச் செடியின் விதை மாவோடு அரைபட்டதுதான் என்று தெளிவாக ஐம்பது வருசம் போனது.

அந்த இனம் நமக்கு அந்நியம் இல்லை. ஈஸ்வரமூலி, கருடக்கொடி, பெருமருந்து என்று பல பெயரில் வருகிற கொடி அதே இனம்தான், பாம்புக்கடிக்குப் பேர்போனது. சிங்களத்தில் சப்சந்த என்பார்கள், ஆயுர்வேதத்திலும் உண்டு. ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம். பேரிலேயே எச்சரிக்கை வைத்த ஆக்கள் அதை மருந்திலும் வைத்ததுதான் எனக்கு விளங்காத புதிர். அதன் இலையைத் தின்று வளரும் ஒரு வண்ணத்துப்பூச்சி, அந்த நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்புகிறது.

போனில் ஈஸ்வரமூலியின் படத்தை எடுத்துப் பரிசாரியார் ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது விசக்கடிக்கு. சலரோகத்துக்கு இத நான் ஏன் போடப்போறன்?" என்றார். நான் அவரை நம்புகிறேன். பொய் சொல்கிற முகம் இல்லை. ஆனால் பிரசெல்ஸிலும் யாரும் பொய் சொல்லவில்லையே. முன்பெல்லாம் அவரே காட்டுக்குப் போய் வேர் கிண்டிக்கொண்டு வருவாராம். இப்போது முழங்கால் ஏலாது; பொட்டலத்தில் உள்ளது சரக்குக் கடையில் வாங்கிய வேர். தட்டி நொறுக்கிய வேரைப் பார்த்து அது எந்தச் செடியின் வேர் என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அரிஸ்டொலோக்கிக் அமிலம் சாகாது.

மற்ற ஏழு சரக்கைப் பற்றியும் ஒரு சொல். கொத்தமல்லி, வேர்க்கொம்பு சமையலறைச் சரக்குகள், எனக்குப் பயமில்லை. நெருஞ்சில், நீர்முள்ளி, சாரணை மூன்றும் நீர் பிரியக் கொடுப்பவை. நல்ல கிட்னிக்கு ஒரு வாரம் குடிப்பதும், 43இல் நிற்கிற கிட்னிக்கு மாதக்கணக்கில் குடிப்பதும் ஒன்றில்லை. நீர் கூடப் பிரிந்து உடம்பு வற்றினாலும் கிட்னிக்கு அடி, செடியில் உள்ள பொட்டாசியம் சேர்ந்தாலும் இதயத்துக்கு அடி.

மனைவி சொன்ன வழியை நான் முதலில் அலட்சியம் பண்ணினேன், பிழை என்னுடையதுதான். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்து வந்த பிள்ளைகள் மாகாண மருந்தகங்களில் இருக்கிறார்கள். நாங்கள் கண்ட வைத்தியர் இளம் பெண். ரிப்போர்ட்டை வாசித்தா, கிளினிக் கொப்பியையும் கேட்டு வாங்கி வாசித்தா. "அம்மா, இந்தக் கிரியேற்றினினுக்கு நான் உள்ளுக்குச் செந்தூரம், பற்பம் ஒண்டும் தரமாட்டன். முழங்காலுக்கு எண்ணெய் தாறன், பூசுங்க. கிளினிக்க விட்டுராதீங்க" என்றா. கொடுத்த எண்ணெய்ப் போத்தலில் பெயரும் சரக்கும் திகதியும் இருந்தன. மூன்று கேள்விக்கும் பதில் இருந்த ஒரே நாட்டு மருந்து அதுதான். மாமிக்கு மட்டும் மனக்குறை: "சின்னப் பிள்ள. நாடிகூடப் பாக்கல்ல."

கிளினிக் குளிசையும் அப்பழுக்கு இல்லாத பிறவி இல்லை, நான் அதன் பக்கம் நிற்பவன் என்பதாலேயே சொல்ல வேண்டும். கிட்னியைக் கெடுக்கிற இங்கிலிஸ் மருந்துகளில் நம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இருப்பது டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்ற வலிக்குளிசைகள். மருத்துவரின் துண்டு இல்லாமலே பாமசியில் கிடைக்கும். மாமி முழங்காலுக்கு அதைத்தான் வருசக்கணக்கில் போட்டுவந்திருக்கிறா, சாப்பாட்டுக்குப் பிறகு, விபூதி போடுகிற ஒழுங்கோடு. லொசார்டன் என்ற பிறசர்க் குளிசையும் நீர்க்குளிசையும் எடுக்கிற ஆள் அதோடு வலிக்குளிசையும் போட்டால் மூன்றும் சேர்ந்து கிட்னிக்குப் போகிற இரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளிவிடும். 0.9 எப்படி 1.4 ஆனது என்பதில் பிலிங்காய்க்குப் பங்கில்லை, அவ அதைத் தொடங்கவே இல்லை. பதினொரு வருசச் சலரோகமும் இந்த வலிக்குளிசையும்தான் என் சந்தேகம்.

"கிளினிக் குளிசைதான் கிட்னியப் பழுதாக்குது" என்கிற பேச்சுக்கும் பதில் வேண்டும். சலரோகத்துக்குக் கொடுக்கிற மெற்போமின் கிட்னியைக் கெடுப்பதில்லை. அது கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது, அதனால் கிட்னி இறங்கினால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள். நிறுத்தியதைப் பார்த்த சனம், அதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டது. லொசார்டன் தொடங்கியதும் கிரியேற்றினின் கொஞ்சம் ஏறும். 30 வீதம் வரை ஏறினால் மருத்துவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் நாள்போக்கில் அது கிட்னியைக் காக்கிறது. லொசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும், அதனால் அதை எடுக்கிறவர்கள் இளநீரையும் நோனிச் சாற்றையும் தினம் குடிப்பதுதான் ஆபத்து. ஒரு கப் இளநீரில் 600 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம் உண்டு.

கிளினிக்கின் பெரிய குறை மருந்தில் இல்லை. இரண்டு வருசத்துக்கு முன் மாமி ஒரு கிளினிக்கில் கசாயம் குடிப்பதாக உண்மையைச் சொன்னா. வரிசையில் நின்ற இருபது பேருக்கு முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டா. அன்றிலிருந்து யார் கேட்டாலும் "ஒண்டும் குடிக்கல்ல" என்பதுதான் பதில். மருந்தை ஒளிக்கிற நோயாளியின் இரத்தத்தில் வருகிற எண்ணை நான் எப்படி வாசிப்பது? மாறுகிற எண்ணுக்குக் காரணம் குளிசையா கசாயமா என்று அந்த மருத்துவருக்கும்தான் எப்படித் தெரியும்?

அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டி, மஹாஓயா பக்கங்களில் சலரோகமோ பிறசரோ இல்லாமலே விவசாயிகளுக்குக் கிட்னி போவதைப் பற்றியும் வீட்டில் பேச்சு வந்தது. தண்ணீர், வெயில், கிருமிநாசினி என்று காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லி "எல்லாம் தண்ணியால" என்று மாமி தப்பப் பார்த்தா. மாமிக்குச் சலரோகம் இருக்கிறது; அவவின் கதை வேறு.

கடைசியில் தீர்மானம் இப்படி வந்தது. கிளினிக் குளிசை தொடரும். வலிக்குளிசை முற்றாக நிறுத்தம், முழங்காலுக்குச் சித்த வைத்தியரின் எண்ணெயும் ஒற்றடமும், ஏலாத நாளில் மட்டும் பரசிற்றமோல். குறிஞ்சா, வல்லாரை கறியாகச் சோற்றோடு. பிலிங்காய் ஆணத்துக்கு மட்டும். பரிசாரியாரை மாமி விடமாட்டா, விடச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனபடியால் குடிநீருக்குப் பதிலாகப் போய்க் கதைத்துவிட்டு வருவது என்று ஒப்புக்கொண்டா. அவரும் சம்மதித்தார், எட்டாவது பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்தார். நான் மூன்று மாதத்துக்கு ஒருக்கா கிரியேற்றினினும் மூத்திரத்தில் கசிகிற அல்புமின் புரதமும் பார்ப்பேன், பொட்டாசியத்தையும் சேர்த்து. யாராவது இப்போது பெயர் தெரியாத பவுடர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, போத்தலை எறியாமல் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். எறிந்துவிட்டால் சோதிக்க ஒன்றும் இருக்காது.

எங்கள் வீட்டுப் போத்தலும் அலுமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது. மச்சான் உழைத்த காசு, எறிய மாமி விடவில்லை. "சும்மா இருக்கட்டும் மகன், நான் தொடமாட்டன்" என்றா. சீதன வீட்டு மருமகன் அதற்கு மேல் என்ன கதைப்பது? லாபில் ஒரு பழைய தராசு சும்மா கிடந்தது, அதைக் கொண்டுவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி கோயிலுக்குப் போன நேரம் போத்தலை நிறுத்தேன். மூடியோடு 182 கிராம். அடுத்த ஞாயிறு 176. நான் ஒன்றும் சொல்லவில்லை, மாமிக்கு முன்னாலேயே இன்னொருதரம் நிறுத்து, எண்ணைக் கலண்டரில் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு நாலு ஞாயிறு போய்விட்டது. நாலிலும் 176.